கால அட்டவணையும் ஒரு கொத்து வேப்பிலையும்

வராத அம்மைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டவர் என்னைத் தவிர இன்னொருவர் இருந்தால், அவரைச் சந்தித்து ஒரு டீ வாங்கிக் கொடுக்க ஆசை. எனக்கு அந்த நிலை வந்ததற்குக் காரணம் கிருமியும் அல்ல, தெய்வக் குற்றமும் அல்ல. நேர மேலாண்மை.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. சேலத்தில் பெற்றோர் வீட்டு மாடியறையில் ஓவியம் வரைந்துகொண்டிருந்தேன் (வரையப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதே சரி). கோயம்புத்தூரில் ஓர் ஓவியக்கூடம், தன் கண்காட்சியில் ஒரு முழுச் சுவரை எனக்குத் தருவதாகச் சொன்னது. பன்னிரண்டு படங்கள் வேண்டும். "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பொம்மை போடுற வேலை?" என்று சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கேட்கும் அப்பாவுக்குக் காட்ட, அந்தச் சுவரைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை.

கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்ற ஊரில், தோழியின் வீடு ஒன்று காலியாகக் கிடந்தது. ஒரு மாதத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, சாயங்கள், அம்மா கட்டிக் கொடுத்த வேப்பிலைக் கட்டு (அரிசியில் வண்டு வராமலிருக்க) எல்லாவற்றோடும் மலையேறினேன்.

முதல் வாரம் ஒரே படத்தில் பாதிதான் முடிந்தது. காரணம், பக்கத்து வீட்டுப் பாவாயி அக்கா. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டுக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, நடுவில் பலாச்சுளை கொடுக்க ஒரு தடவை என்று வந்துவிடுவார். வந்தால் உட்கார்ந்துவிடுவார். நான் வரைந்த சாமைக் காட்டைப் பார்த்து, இந்தப் பயிர் இன்னும் முற்றவில்லை, அதற்குள் ஏன் மஞ்சளடிக்கிறாய் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அதனாலேயே எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

அந்த வாரக் கடைசியில், கலைஞர்களுக்கான நேர மேலாண்மை பற்றிக் கைப்பேசியில் ஒரு வகுப்புக் கேட்டேன். நம் நேரத்தைத் திருடுபவர்கள் யார் யார் என்று பட்டியல் போடச் சொன்னார்கள். முதல் பெயர் பாவாயி என்று எழுதினேன். இரண்டாவது பெயர் கிடைக்கவில்லை.

பிறகு நான்கு வண்ணத்தில் கால அட்டவணை தயாரித்தேன். அதற்கே இரண்டு நாள் ஆனது (அந்த இரண்டு நாளை அட்டவணையில் சேர்க்கவில்லை). காலை எட்டு முதல் ஐந்து வரை வரைதல். மாலையில் கோட்டோவியப் பயிற்சி. கைப்பேசிக்கு ஞாயிறு மட்டும் அரை மணி நேரம். வீட்டை விட்டு வெளியே போவதற்கோ, ஒரு மனிதரோடு பேசுவதற்கோ அதில் ஒரு கட்டம்கூட இல்லை. அதைத்தான் அதன் சிறப்பு என்று நினைத்தேன். வாசற்கதவில் ஓர் அட்டை மாட்டினேன்: "தயவுசெய்து கதவைத் தட்ட வேண்டாம்."

அன்று மாலை ஈரச் சாயத்தில் பூச்சிகள் வந்து ஒட்டின. அரிசிக்கு அம்மா கொடுத்த வேப்பிலையில் ஒரு கொத்தை எடுத்து, அந்த அட்டைக்கு மேலேயே கட்டித் தொங்கவிட்டேன். சேலத்துக்காரிக்கு வாசலில் வேப்பிலை கட்டினால் என்ன அர்த்தம் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் அந்த நேரத்தில் பூச்சி தவிர வேறு எதுவும் என் புத்தியில் இல்லை.

மறுநாளிலிருந்து யாரும் கதவைத் தட்டவில்லை. வாசலில் ஒரு சொம்பில் கேழ்வரகுக் கூழ் மட்டும் இருந்தது. தினமும் இருந்தது. வைத்தவர் குரல்கூடக் கொடுக்காமல் போய்விடுவார். ஒரு கலைஞரின் நேரத்தை மதிக்கத் தெரிந்த ஊர் என்று நெகிழ்ந்துபோனேன். வீட்டுக்கு வெளியே பிள்ளைகள் சத்தம் போட்டால்கூட யாரோ அதட்டி விரட்டினார்கள். ஜன்னல் வழியே ஒருமுறை பாவாயி அக்கா என்னைப் பார்த்தார். என் கன்னத்திலும் கையிலும் மஞ்சள் சாயம் அப்பியிருந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். கலைக்குச் செய்த மரியாதை என்று எடுத்துக்கொண்டு, நானும் பதிலுக்குத் தலையசைத்தேன்.

படங்கள் வளர்ந்தன. நான்தான் வாடினேன். அட்டை மாட்டிய பத்தாம் நாள் மின்விசிறியிடம் பேச ஆரம்பித்தேன். பதினைந்தாம் நாள், காட்டுக்குப் போகிற காலடிச் சத்தம் கேட்டதும் தூரிகையை வைத்துவிட்டுக் கதவருகே போய் நின்றேன். சத்தம் வேலியோரம் கொஞ்சம் நின்றது, பிறகு போய்விட்டது. கதவைத் திறந்து கூப்பிட்டிருக்கலாம். மணி ஒன்பதரை. அட்டவணைப்படி அது வரையும் நேரம். திரும்பிப் போய் உட்கார்ந்து அழுதேன் (அழுவதற்கும் கட்டம் இல்லை).

இருபத்தோராம் நாள் வியாழக்கிழமை. படங்களை ஏற்றிப்போகக் கோயம்புத்தூரிலிருந்து வேன் வரவேண்டும். பன்னிரண்டையும் துணியில் சுற்றிக் கதவோரம் சாய்த்துவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு காத்திருந்தேன். பத்து மணி, ஒரு மணி, நான்கு மணி. வேன் வரவில்லை. ஐந்து மணிக்குத்தான் அட்டவணையை மீறிக் கைப்பேசியை உயிர்ப்பித்தேன்.

ஓவியக்கூடத்திலிருந்து செய்தி வந்திருந்தது. அம்மை போட்டிருப்பது வேன் ஓட்டுநர் சொல்லித்தான் தெரியும், நன்றாக ஓய்வெடுங்கள், உங்கள் சுவரை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோம், உங்கள் வீட்டுக்கும் தகவல் சொல்லிவிட்டோம்.

எனக்கு அம்மை என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

கதவைத் திறந்து, மூன்று வாரத்தில் முதல்முறையாக வேலிவரை ஓடினேன். பாவாயி அக்கா முறத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"உள்ள போ சாமி. காத்துப் படக்கூடாது."

"அக்கா, எனக்கு அம்மையே இல்லீங்க. அது பூச்சிக்குக் கட்டுன வேப்பிலை."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். நான் அவசரமாக முந்தானையால், கழுவியும் போகாத கன்னத்து மஞ்சளைத் துடைத்தேன். அது இன்னும் பரவியது.

வேன்காரரைப் பற்றிக் கேட்டேன். வந்தாராம். பேருந்து நிறுத்தத்தில் என் வீட்டை விசாரித்தபோது, அம்மை கண்ட வீடு, தண்ணீர் ஊற்றும்வரை யாரும் போகக்கூடாது என்று இவர்தான் சொல்லியிருக்கிறார். ஓட்டுநர் வீட்டில் கைக்குழந்தையாம். கும்பிட்டுவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பிவிட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் சுவர் போய்விட்டது, அப்பாவிடம் என்ன சொல்வேன், ஒரு தடவை கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் என்ன என்று கத்தினேன்.

பாவாயி அக்கா என் வாசலில் தொங்கிய அட்டையைக் கைகாட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தட்ட வேண்டாம்னு நீதானே கண்ணு எழுதி வெச்ச. பக்கத்து ஊட்டுல ஆத்தா எறங்கியிருக்கா, வாசம் போகப்படாதுன்னு இருபது நாளா எங்க ஊட்டுல தாளிக்கக்கூட இல்ல."

இருபது நாள். அந்த வீட்டில் ஏழு பேர். நேரத் திருடர்கள் பட்டியலில் நான் எழுதிய ஒரே பெயர் நினைவுக்கு வந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு, கட்டியிருந்த நல்ல சேலையெல்லாம் நனைய அழுதேன்.

மறுநாள் அம்மா, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, இளநீரோடு வந்து இறங்கினார். அம்மை இல்லை என்று நானும் பாவாயி அக்காவும் மாறி மாறிச் சொன்னோம். அம்மா கேட்கவில்லை. வேப்பிலை கட்டியாகிவிட்டது, தண்ணீர் ஊற்றாமல் அவிழ்க்கக்கூடாது என்றார். ஊரும் அதையே சொன்னது. அதற்கு மறுநாள் விடியற்காலையில், நல்ல உடம்போடு முற்றத்தில் உட்கார்ந்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை வாங்கிக்கொண்டேன். அன்று காலை எட்டு மணிக்கே வீடு நிறைய ஆட்கள். பன்னிரண்டு படங்களையும் பிரித்துக் காட்டினேன். எல்லாக் காட்டிலும் பயிர் சரியாக முற்றியிருப்பதாகப் பாவாயி அக்கா ஒப்புக்கொண்டார். எனக்குக் கிடைத்த முதல் கண்காட்சி அதுதான்.

கோயம்புத்தூர்ச் சுவர் இரண்டு வருடம் கழித்து வேறு படங்களுக்குக் கிடைத்தது. அப்பா வந்து பார்த்தார். வீட்டில் நான் "வேலை இருக்கு, கூப்பிடாதீங்க" என்றால், "வேப்பிலை கட்டட்டுமா?" என்பார்.

இப்போதும் ஒவ்வொரு வருடமும் ஒரு மாதம் அந்த வீட்டுக்குப் போகிறேன். அட்டையும் கிடையாது, அட்டவணையும் கிடையாது. ஆனாலும் தனியாக வரைபவளின் காலை நேரம் நீளமானது. பாவாயி அக்கா அடுப்புப் பற்றவைக்கும்முன் வேலியோரம் வந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுப்பார்.

"கண்ணு, இன்னிக்குத் தாளிக்கலாமா?"

அந்தக் குரல் வரும்வரை, விழித்துக்கொண்டாலும் நான் கதவைத் திறப்பதில்லை.