புகைபிடித்த ஏலக்காய்

மனிதனைத் திருத்துவது பயம் என்கிறார்கள், பக்தி என்கிறார்கள், அன்பு என்கிறார்கள். என்னிடம் மூன்றும் வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ஒரு தம் இழுத்துவிட்டுப் போயின.

எழுபதுகளின் கடைசியில் நான் போடியில் டைப்ரைட்டிங் வாத்தியார். பத்து விரலும் எந்திரத்தில் இருக்க வேண்டிய தொழிலில் எனக்கு இரண்டு விரல் எப்போதும் சிகரெட்டில் இருந்தது. டாக்டர் நுரையீரல் படத்தைக் காட்டிப் பயமுறுத்தினார். வெளியே வந்து, நடுக்கம் தீர ஒன்று பற்றவைத்தேன். கோயிலில் சத்தியம் செய்தேன். (எந்தச் சாமி என்று சொல்ல மாட்டேன். அதற்கு இன்னும் கோபம் தீர்ந்திருக்காது.)

ஆனால் விட்டே ஆகவேண்டிய காரணம் ஒன்று இருந்தது. அதன் பெயர் மகேஸ்வரி, என் தாய்மாமன் மகள். போடிமெட்டுக்கு மேலே மாமாவுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம். எனக்குப் பெண் கேட்டுப் போன அம்மாவிடம் மாமா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "ஒம் மகன் கருப்போ செவப்போ, எனக்குக் கவலையில்லக்கா. பொகை குடிக்கிற பயலா இருந்தா மட்டும் எம் பொண்ணு கெடையாது."

ஏலக்காய்க்காரருக்குப் புகை என்றால் தொழில் பகை. பறித்த பச்சைக் காயை 'ஸ்டோர்' என்கிற அறையில் பரப்பி, கதவைச் சாத்தி, சூட்டுக் குழாய் வைத்து உலர்த்துவார்கள். குழாயில் ஓட்டை விழுந்து புகை கசிந்தால் காய் அத்தனையும் அந்த நாற்றத்தைக் குடித்துவிடும். இதைப் பால்குடி மறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். இது உங்கள் ஞாபகத்தில் இருக்கட்டும். என் ஞாபகத்தில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வாரப் பத்திரிகையில் கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. கெட்ட பழக்கத்தை அறிவால் விட முடியாதாம், உணர்ச்சியால்தான் முடியுமாம். யாருக்காக மாற நினைக்கிறீர்களோ அவர் படத்தை அந்தப் பழக்கத்தின் பக்கத்திலேயே வையுங்கள் என்று எழுதியிருந்தது. அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து மகேஸ்வரியின் சின்னப் படம் ஒன்றைத் திருடி, சிகரெட் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்தேன்.

முதல் நாள் கை கூசியது. "மன்னிச்சிரு மகேசு, இதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டு ஒன்றை உருவினேன். மறுநாளும் சொன்னேன். போகப்போக மன்னிப்புக் கேட்காமல் பற்றவைத்தால் ருசியே தெரியவில்லை. கட்டுரை எழுதியவர் சொன்னதில் பாதி பலித்தது. படமும் பழக்கமும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. ஒட்டியது மட்டும் தலைகீழாக ஒட்டியது. சிகரெட்டைப் பார்த்தால் அவள் ஞாபகம் வரவில்லை, அவளைப் பார்த்தால் சிகரெட் ஞாபகம் வந்தது.

இது எனக்கே மலைமேல் போன பிறகுதான் தெரிந்தது. ஸ்டோர் பார்க்கிற ஆள் ஊருக்குப் போயிருக்கிறான், மாப்பிள்ளையை ஒரு நாள் ஒத்தாசைக்கு அனுப்பு என்று மாமா சொல்லிவிட்டிருந்தார். (ஒத்தாசை ஒன்றுமில்லை, பையனை எடை போடத்தான் என்று அம்மா கண்ணடித்தாள்.) ஜீப்பில் லோடோடு லோடாக ஏறிப் போய் இறங்கினேன்.

"வாங்க மச்சான்" என்று மகேஸ்வரி பால் விடாத கட்டன் காப்பியை நீட்டினாள். படத்தைவிட நேரில் எவ்வளவோ அழகு. அதனால் ஆசையும் எவ்வளவோ அதிகமாக வந்தது, சிகரெட் மேல்.

"என்ன மச்சான், சட்டைப் பையத் தடவுறீக?"

"நெஞ்சு... ஒரு மாதிரி அடிக்குது."

அவள் வெட்கப்பட்டு உள்ளே ஓடினாள். நான் ஸ்டோருக்கு ஓடினேன்.

ஊரெல்லாம் சிகரெட் நாற்றத்தை மறைக்க என்ன செய்கிறது? ஒரு ஏலக்காயை வாயில் போடுகிறது. ஒரு காய் ஒரு வாயை மறைக்குமென்றால், ஒரு அறைக் காய் ஒரு பாக்கெட்டை மறைக்காதா? வாத்தியார் மூளை இப்படித்தான் கணக்குப் போட்டது. உள்ளே போனேன், கதவைச் சாத்தினேன், அந்த வெக்கையில் வேர்த்து ஒழுக இழுத்தேன். வெளியே வந்தால் மகேஸ்வரி எதிரே வருவாள். திரும்பவும் உள்ளே போவேன்.

மாமாவுக்கு ஒரே பூரிப்பு. "பாருத்தா, கதவத் தெறந்தா சூடு போயிரும்னு உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டுக் காயைப் பெரட்டுறான். சோலின்னா இப்படில்ல பாக்கணும்!" என்று மகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

காய் உலர்ந்ததும், போடியில் வியாபாரிகள் கூடிக் காயை ஏலம் எடுக்கிற கூடத்துக்கு மாமா என்னையும் கூட்டிப் போனார். "என் மாப்ளை உலத்துன காயி" என்று வழியெல்லாம் பெருமை. மாமா காயின் முறை வந்தது. மாதிரித் தட்டு வியாபாரிகள் நடுவே போனது. முதல் வியாபாரி இரண்டு காயைக் கசக்கி முகர்ந்தார். முகம் ஒரு மாதிரிப் போனது. மறுபடி முகர்ந்துவிட்டுத் தட்டைப் பக்கத்து ஆளிடம் தள்ளினார்.

"அண்ணே, ஒங்க காயி சிகரெட்டு குடிக்குமோ?"

கூடம் கொல்லென்று சிரித்தது. தட்டு வாங்குபவன் இல்லாமல் வரிசை வரிசையாகச் சிரிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. மாமா ஒரு காயை உடைத்து முகர்ந்தார். பிறகு அத்தனை பேர் முன்னால் குனிந்து என்னை முகர்ந்தார். என் சட்டைப் பையில் கையை விட்டுப் பாக்கெட்டை எடுத்துத் திறந்தார். மூன்று சிகரெட்டுக்கு நடுவே அவர் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பூமி பிளக்கவில்லை. நான் எவ்வளவோ கேட்டும் பிளக்கவில்லை.

"காயி போனாப் போகுது மாப்ளே" என்றார் மாமா, குரல் கம்ம. "எம் பொண்ணையும்ல பொகையில போட்டு வாட்டியிருக்க." படத்தை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

சம்பந்தம் முறிந்தது என்றுதான் அம்மா அழுதாள். நானும் அழுதேன். அந்தச் சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டேன், மாமாவின் கம்மிய குரலைத் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்து ஜீப் டிரைவர் மூலம் மகேஸ்வரி சொல்லி அனுப்பினாள்: "அடுத்த எடுப்புக்கு மச்சானை வரச் சொல்லுங்க. மோந்து பாத்துத்தான் முடிவு சொல்லுவேன்."

அடுத்த எடுப்பு என்றால் அடுத்த முறை காய் பறிப்பது, ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை ஒன்றுகூடத் தொடவில்லை. தொடலாம் என்று பெட்டிக்கடைக்குப் போனாலும், "வாத்தியாரே, ஒங்களுக்கா, காய்க்கா?" என்று கடைக்காரர் கேட்பார்.

மலையேறினேன். மாமா திண்டுக்கல் பூட்டு மாதிரி வாயை இறுக்கி உட்கார்ந்திருந்தார். மகேஸ்வரி நேரே என்னிடம் வந்து, சட்டைக் காலர் பக்கம் மூக்கைக் கொண்டுவந்து நிதானமாக முகர்ந்தாள். அவள் தலையில் இருந்த மல்லிகை எனக்கு மணத்தது. இவள் இவ்வளவு கிட்டே வந்து நிற்பாளென்றால் ஆயுசுக்கும் புகையை விட்டுவிடலாம் என்று அந்த நிமிடம்தான் நெஞ்சாரத் தோன்றியது.

"இன்னும் இருக்கு" என்றாள். "அடுத்த எடுப்புக்கு வாங்க."

எப்படி இருக்கும்? தொடவே இல்லையே! புலம்பிக்கொண்டே இறங்கினேன். அதற்கடுத்த எடுப்பில் தேறினேன், தை மாதம் கல்யாணம். கல்யாணமான பிறகுதான் சொன்னாள்: "மொத தடவையே ஒரு வாசமும் இல்ல மச்சான். இன்னொரு தடவை வரட்டுமேன்னுதான் சொன்னேன்."

புகையை விட்டு நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் நான் வெளியே போய்விட்டு வந்தால் வாசலிலேயே நிறுத்தி, பேரப்பிள்ளைகள் வரிசையில் நின்று என்னை முகர்ந்து பார்க்கிறார்கள். கடைசியில் அவள் வருவாள், காலரில் மூக்கை வைப்பாள், "இன்னும் இருக்கு" என்பாள். வீடே சிரிக்கும்.

நான் ஏன் ஒன்றுமில்லாத வேலைக்கெல்லாம் தினமும் வெளியே போய்விட்டு வருகிறேன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.