கைக்கு வராத யோ-யோ

யோ-யோவின் நடுவிலிருந்து சட்டைப் பொத்தான் அளவுள்ள பேரிங்கை இடுக்கியால் எடுத்து, பெட்ரோலில் அலசி, ஊதி, காதருகே சுழற்றிக் கேட்டு, உதட்டைப் பிதுக்கி, மறுபடியும் பெட்ரோலில் போடுகின்றன இரண்டு கைகள். பேரிங்குக்கு என்ன கோளாறு? ஒன்றுமில்லை. அதனால்தான் மேலும் தேடுகின்றன.

அந்தக் கைகளுக்கு உரியவர் நீங்கள் எங்கும் காணக்கூடிய ஓர் இனம்: நன்றாக இருப்பதைச் சரிசெய்பவர். உங்கள் வீட்டுக்கு வந்தால் காப்பி வருவதற்குள் கதவின் கீலை ஆட்டிப் பார்ப்பார், ஓடுகிற மின்விசிறியை நிறுத்தச் சொல்லி அண்ணாந்து நிற்பார், “எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது, ஆனா...” என்று இழுப்பார். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு மின்விசிறி ஓடியதாகச் சரித்திரம் இல்லை.

ஏற்காட்டில் அவர் பெயர் ஸ்டெபின். கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். யோ-யோ சேகரிப்பவர். மரம், பிளாஸ்டிக், அலுமினியம் என்று வாங்கிய ஒவ்வொன்றையும் கழற்றி, துடைத்து, எண்ணெயிட்டு, தனித்தனித் துணிப்பையில் போட்டு டப்பாவில் அடைத்திருக்கிறார். யோ-யோ போட்டி நாளில் மேடைக்குப் பின்னால் மேசை போட்டு உட்காருவார். ஆட வந்தவர்கள் அவர் கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டு போவார்கள்.

இந்த முறை வெள்ளக்கடையிலிருந்து வந்த தீபிகா மாட்டிக்கொண்டாள். முதல்முறையாக இறுதிச் சுற்றுக்கு வந்தவள். பனியில் அவள் யோ-யோவின் நூல் நனைந்துவிட்டது.

“நூலு மட்டும் மாத்திக் குடுங்கண்ணா. வேற எதையும் தொட்டுறாதீங்க, நொம்பப் புண்ணியமாப் போகும்” என்று கும்பிட்டுத்தான் கொடுத்தாள்.

நூலை மாற்றினார். பிறகு காதருகே வைத்துக் கேட்டார். அவ்வளவுதான்.

“உள்ளார கிரீசு அப்பியிருந்துச்சு அம்மணி. சுத்தமாக் கழுவிட்டேன். வீசிப் பாரு.”

வீசினாள். யோ-யோ கீழே இறங்கிச் சுழன்றது. சத்தமில்லாமல், ஆடாமல், அத்தனை அழகாகச் சுழன்றது. சுண்டினாள். வரவில்லை. மறுபடியும் சுண்டினாள். வருகிற உத்தேசமே அதற்கு இல்லை.

கிரீஸ் இருந்தால்தான் பேரிங் கொஞ்சம் இறுகி, சுண்டியதும் நூலைப் பிடித்துக்கொண்டு யோ-யோ மேலே ஏறும். அவள் பழகிய ஆட்டம் முழுக்க அந்தச் சுண்டுதலை நம்பித்தான்.

“ஏனுங்கண்ணா, மேலயே வர மாட்டேங்குதே!”

“எவ்வளவு நேரம் சுத்துது பாரு அம்மணி!”

“சுத்தட்டுமுங்க. என் கைக்கு எப்ப வரும்?”

மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

“கிரீச வைங்கண்ணா!”

“கழுவுன பேரிங்குலயா?” பெற்ற பிள்ளையைச் சேற்றில் தள்ளச் சொன்னது போல ஸ்டெபின் பார்த்தார். தீக்குச்சி முனையில் துளி எடுத்தார்.

“இன்னுங் கொஞ்சம்.”

வைத்தார்.

“இன்னும்!”

முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் மனைவி இறக்கிவைத்த ரசத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு கல் உப்புப் போட்டது யார்? மகள் வரைந்த படத்தில் சூரியனைச் சற்று இடப்பக்கம் நகர்த்தியது? இந்தப் பத்தியிலேயே எந்தச் சொல்லை மாற்றலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, உங்களைத்தான் கேட்கிறேன்.

இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். ஸ்டெபின் மூடித் திருகி, தாமே வீசிச் சுண்டினார். யோ-யோ ‘டப்’பென்று உள்ளங்கையில் வந்து விழுந்தது.

“கொரகொரன்னு லேசாச் சத்தம் வருது அம்மணி, ஒரே நிமிசம்...”

“குடுங்கண்ணா!”

கொடுத்துவிட்டார்.