கூடைக்கு இரண்டு புழு

"இந்தக் கத்திரிக்காயில ஒரு புழு கூட இல்லையே, என்னய்யா இது?"

மூன்று மாடி ஏறி, தன் தோட்டத்துக் காய்க்கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவருக்கு முதலில் அது பாராட்டாகத்தான் பட்டது. "ஆமாம்மா!" என்று பல்லைக் காட்டினார். தலைவி பதிலுக்குச் சிரிக்கவில்லை.

அவர் அந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் தலைவி. 'நாய், பூனை, பறவை எதுவும் வளர்க்கக் கூடாது' என்று வாசலில் தொங்கும் பலகை அவர் கைங்கரியம். அவர் ஒரு காயை வாங்கினால் நாற்பது வீடும் வாங்கும். நிறுத்தினால் நாற்பதும் நிறுத்தும். அப்படி நிறுத்திவிட்டால் நம் ஆளின் கதி மாமனாரின் இரும்புக்கடைதான். "இந்தப் பருவத்தோட உங்க இயற்கை விவசாயம் தேறலேன்னா, நேரா வந்து ஆணி நிறுக்கணும் மாப்பிள்ளை" என்று மாமனார் கறாராகச் சொல்லி, அதற்கென்றே ஒரு முக்காலியும் வாங்கிப் போட்டிருந்தார்.

குடியிருப்பில் யாரும் இவர் பெயரைக் கேட்டதில்லை. "இயற்கை வந்தாச்சு", "இயற்கை, கூடையை லிஃப்டுல வைக்காதீங்க", அவ்வளவுதான்.

"மருந்தடிச்சாத்தான் புழு இருக்காது. நீங்க மருந்தடிக்கிறீங்க!" என்றார் தலைவி.

"ஐயோ, சத்தியமா இல்லம்மா! என் வீட்டுக்காரி தினம் காலங்காத்தால செடி செடியா உக்காந்து கையாலயே பொறுக்கிடுவா."

"பொறுக்கி?"

"கோழிக்குப் போட்டுடுவோம்."

"கோழிக்கா!" தலைவியின் முகம் வாடிவிட்டது. "அடப்பாவமே! யாருய்யா பொறுக்கச் சொன்னது?"

உள்ளறையிலிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது. "வந்துடுச்சா? வந்துடுச்சா?"

தலைவி சட்டென்று கதவைப் பாதி சாத்தினார். "வீட்ல உடம்புக்கு முடியாத ஜீவன் ஒண்ணு இருக்குய்யா. மருந்து பட்டது எதுவும் ஆகாது. அடுத்த வாரம் புழு இல்லேன்னா கூடையே வேண்டாம்."

மாமியார் போலிருக்கிறது, படுத்த படுக்கை, என்று இயற்கை நினைத்துக்கொண்டார். பாவம், இந்த நிலைமையிலும் காய் மேல் என்ன ஆசை!

வீட்டில் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "முதுகு ஒடியப் பொறுக்கினதை எல்லாம் நானே திரும்பக் கொண்டுபோய் வைக்கணுமா? கோழிக்கு என்னங்க பதில் சொல்றது?"

கோழியைப் பகைத்துக்கொள்ள மனமில்லாமல், இயற்கை பழைய குடைக்கம்பி ஒன்றை எடுத்துத் தீட்டினார். ஒவ்வொரு கத்திரிக்காயிலும் அழகாக ஒரு துளை போட்டார். கொய்யாவுக்கும் போட்டார். சும்மா இருந்த பூசணிக்காயையும் விடவில்லை.

அடுத்த வாரம் தலைவி ஒரு காயைப் பிட்டுப் பார்த்தார். "வீடு இருக்கு. குடித்தனக்காரர் எங்கய்யா?"

வேறு வழியில்லை. அதற்கடுத்த கூடைக்குப் புழுவையே வைத்தார்கள். மனைவியே கொழுத்ததாகப் பார்த்துப் பொறுக்கி, முட்டைகோஸ் இலையை விரித்துப் பக்குவமாகப் படுக்க வைத்தாள். இலையைப் புரட்டிய தலைவிக்கு முகமெல்லாம் பல். "அடடா, என்ன கொழுகொழுன்னு!" என்று உருகிப்போனார். அதோடு விட்டிருக்கலாம். படம் பிடித்து, 'இதுதான்யா அசல் இயற்கை' என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

அன்று சாயங்காலமே இயற்கையின் போன் அலறியது. முதல் மாடி வக்கீல்தான் ஆரம்பித்தார்.

"தலைவி வீட்டுக்கு நாலு புழு, எங்களுக்கு ஒண்ணுகூட இல்ல. கூடைக்கு மாசச் சந்தா எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்?"

பல் டாக்டரம்மாவுக்குப் பச்சைப் புழுதான் வேண்டும், கறுப்பு ஆகாது. இன்னொரு வீட்டில் குழந்தை இருக்கிறது, பயப்படாத அளவுக்குச் சின்னதாகப் பார்த்து வைக்க வேண்டுமாம். கடைசியில் கூடைக்கு இரண்டு புழு, தலைவிக்கு மட்டும் ஆறு என்று பஞ்சாயத்து முடிந்தது.

"ஒப்புக்கிட்டு வந்துட்டீங்களே, அவ்வளவு புழுவுக்கு எங்க போறது?" என்று மனைவி தலையில் கை வைத்தாள். "இத்தனை மாசம் ஒண்ணு விடாமப் பொறுக்கித் தொலைச்சிருக்கேன்!"

"ஒரு பாத்தியை அதுங்களுக்குன்னே விட்டுடுவோம்மா. தின்னு பெருகட்டும்."

விட்டார்கள். காக்கை கொத்தாமல் வலையும் கட்டினார்கள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்பது புழுவுக்கும் தெரிந்திருந்தது. முட்டைகோஸ் பாத்தியை முடித்துவிட்டுக் கத்திரிக்குப் போனது. கத்திரியை மொட்டையடித்துவிட்டுத் தக்காளிக்குத் தாவியது. கோழிகளை அவிழ்த்துவிட்டுப் பார்த்தார்கள். அவை தின்று தின்று சலித்துப் போய்ப் படுத்துக்கொண்டன. அந்த வாரம் தோட்டம் நிறையப் புழு இருந்தது, கூடைக்குக் காய் இல்லை.

இயற்கை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். மருந்தில் குளித்துப் பளபளவென்று நின்ற காய்களாக வாங்கிவந்து, தன் புழுக்களை அவற்றுக்குள் குடியேற்றினார்.

"பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க. வேண்டாங்க, பாவம்" என்றாள் மனைவி.

"ஒரே ஒரு வாரம்மா. இல்லேன்னா உங்கப்பா கடையில முக்காலி காத்துக்கிட்டிருக்கு."

மறுநாளே தலைவியின் போன் வந்தது.

"இயற்கை! புழுவெல்லாம் செத்துக் கிடக்கு!"

இயற்கை கொண்டுபோன புழு இயற்கை எய்திவிட்டது. அது போகட்டும் என்று நினைப்பதற்குள் தலைவி அழ ஆரம்பித்துவிட்டார்.

"நேத்துலேருந்து உள்ள ஒரு வாய் சாப்பாடு இறங்கலய்யா. என்ன எழவைக் கொண்டாந்து போட்டீங்க? உடனே புறப்பட்டு வாங்க!"

சாப்பாடு இறங்கவில்லை என்றால் மாமியாருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. கடைத்தெருக் காயைச் சமைத்துக் கொடுத்து, ஒரு கிழவியின் உயிருக்கே உலை வைத்துவிட்டோமே! மனைவியிடம் சொல்லும்போது அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"போய் உண்மையைச் சொல்லி அவங்க கால்ல விழுங்க" என்றாள் அவள். "காலமெல்லாம் ஆணி நிறுத்தாலும் பரவாயில்ல. கொலைகாரன் பொண்டாட்டின்னு எனக்குப் பேரு வேண்டாம்."

இயற்கை படியேறினார். மாடிக்கு மாடி நின்று, "தெரியாம செஞ்சுட்டேம்மா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். தெரிந்தே செய்ததால் அது சரியாக வரவில்லை. அழைப்பு மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தது வீட்டு வேலை செய்கிற அக்கா. "அம்மா சங்கக் கூட்டத்துல இருக்காங்கண்ணே. இப்ப வந்துடுவாங்க."

அதற்குள் இயற்கை நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அக்கா, அது எங்க தோட்டத்துக் காயே இல்ல! கடைத்தெருவுல வாங்கினது! தோட்டத்துல புழுவைத் தவிர ஒண்ணும் மிச்சமில்ல! பெரியம்மா பொழைச்சுக்குவாங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க!"

உள்ளறையிலிருந்து ஈனமாகக் குரல் வந்தது. "வந்துடுச்சா?"

வேலைக்கார அக்கா மாடிப்படியை மேலும் கீழும் எட்டிப் பார்த்தாள். இயற்கையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"எந்தப் பெரியம்மாண்ணே? மெதுவாப் பேசுங்க, சங்கத்துக்குத் தெரிஞ்சா அம்மா மானம் போயிடும். உள்ள பேசுறது மைனா, காயெல்லாம் எப்பவும் என் வீட்டுக்குத்தான் போகுது, அடுத்த வாரத்துலேருந்து வெறும் புழுவா ஒரு கூடை கொண்டாரச் சொன்னாங்க, உயிரோட."