நான் போகாத சுவிட்சர்லாந்து

என் வாழ்நாளில் நான் சுவிட்சர்லாந்துக்குப் போனதே இல்லை. போகாதவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நான் மட்டும்தான், போகவில்லை என்பதை ஒரு அரசாங்கத்துக்கு எழுத்து மூலம் விளக்கி, சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. இதற்குக் காரணம் விதியோ கிரகமோ இல்லை. என் வாய்க்கொழுப்பும் சோம்பேறித்தனமும்தான்.

அப்போது நான் வெளிநாட்டில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். (எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். இன்னும் அங்கேதான் குப்பை கொட்டுகிறேன், எதற்கு வம்பு!) சொந்த ஊர் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓமந்தூர். அப்பா மல்லாட்டை பறிக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற மேஸ்திரி. வெளிநாடு போன முதல் குளிர்காலத்தில் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் நடுங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் தலை முதல் கால் வரை கம்பளிக்குள் புதைந்திருந்த ஒரு பெண், போனில் யாரிடமோ, "மல்லாட்டைய வறுத்துக் குடுத்தனுப்பும்மா" என்றாள். உலகத்தில் எத்தனையோ பேர் வேர்க்கடலை தின்கிறார்கள். அதை மல்லாட்டை என்று சொல்கிறவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். வெட்கத்தை விட்டு, "நீங்க எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டேன். விழுப்புரம் என்றாள்.

அவள்தான் மேகலா. அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கி வைத்திருந்தாள். அடுத்த வருடம், டிசம்பர் விடுமுறையில், விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. அவளுடைய அப்பா அவள் நர்சிங் படிக்கும்போதே இறந்துவிட்டார். அத்தைதான், அதாவது என் மாமியார்தான், ஒற்றை ஆளாக நின்று எல்லாம் செய்தார்.

திரும்பிப் போனதும் குடும்ப அடிப்படையில் எனக்கும் நிரந்தர உரிமை கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. மனைவி கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு நாடு. இதை அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"ஆக, தாலி கட்டுனது நீ. ஆனா உன்ன வச்சிக்கிறேன்னு எழுதிக் குடுக்கிறது அந்தப் பொண்ணு?"

"ஆமாப்பா."

"நல்லாயிருக்குடா ஓங்கதை. அது மனசு கோணாம நடந்துக்க."

விண்ணப்பத்தில் முக்கியமான சமாசாரம், இது நிஜக் கல்யாணம்தான் என்பதற்கான ஆதாரம். விசாவுக்காகப் பொய்யாகக் கல்யாணம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அதனால் போட்டோ கேட்பார்கள். மேகலா என்னிடம் தெளிவாகச் சொன்னாள்: "இருபது போட்டோ போதும். சிம்பிளா, மூஞ்சி தெரியற மாதிரி. நீயே ஒக்காந்து பொறுக்கி எடு."

நான் கம்ப்யூட்டர் படிக்கிறவன். எனக்கு ஒரு நர்ஸ் புத்தி சொல்வதா? "இருபதுலாம் எந்த மூலைக்கு? அள்ளிக் கொட்டணும் மேகலா. பார்த்த மாத்திரத்தில ஆபீசருக்கு மூச்சு முட்டணும்" என்றேன். (ஆபீசருக்கு உண்மையிலேயே மூச்சு முட்டியது, அது பின்னால் வருகிறது.) எனக்குப் பரீட்சை நேரம். பொறுக்கி எடுக்கப் பொறுமை இல்லை. விழுப்புரத்தில் கல்யாண ஆல்பம் செய்த ஸ்டுடியோக்காரர் குமரவேலுக்குச் செய்தி அனுப்பி, மொத்த ஆல்பத்தையும் ஒரே கோப்பாகக் கேட்டேன். பத்தே நிமிடத்தில் அனுப்பினார். நான் திறந்துகூடப் பார்க்காமல் அப்படியே ஏற்றிவிட்டு, இரண்டு இட்லி சாப்பிட்டுத் தூங்கினேன்.

நம் ஊர்க் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்.

மே மாதம் கல்லூரி விடுமுறை. மேகலாவுக்கும் லீவு கிடைத்து, இருவரும் ஊருக்கு வந்திருந்தோம். அவள் விழுப்புரத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். நான் ஓமந்தூரில் இரண்டு நாள் இருந்துவிட்டு அங்கே போகக் கிளம்பினேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டீயும் போண்டாவுமாக நிற்கும்போது போனில் மின்னஞ்சல் வந்தது. குடியேற்ற அலுவலகம். அதைப் படித்து முடிக்கும்போது கையில் இருந்த போண்டா ஆறிவிட்டது.

மரியாதையான கடிதம்தான். கடந்த பத்து வருடத்தில் வேறெந்த நாட்டுக்கும் போனதில்லை என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய படங்களில் பதினான்காம் பக்கத்தில் சுவிட்சர்லாந்துப் பனிமலை அடிவாரத்திலும், பதினேழாம் பக்கத்தில் பாரிஸ் கோபுரத்தின் அருகிலும், இருபதாம் பக்கத்தில் ஒரு கப்பலின் முனையிலும் மனைவியுடன் நிற்கிறீர்கள். விளக்கவும். படங்களில் உள்ள ஆணின் நிறமும் தோற்றமும் கடவுச்சீட்டில் உள்ளவரோடு பொருந்துவதாகத் தெரியவில்லை. விளக்கவும். மனைவியின் தந்தை காலமாகிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தோராம் பக்கத்தில் அவர் மணமக்களின் பின்னால் நின்று கையை உயர்த்தி வாழ்த்துகிறார். இதையும் விளக்கவும். பத்து நாளில் கணவன் மனைவி இருவரையும் வீடியோவில் நேர்காணல் செய்வோம்.

அந்த பஸ்ஸில் நான் போன கதி எனக்குத்தான் தெரியும். படிப்பு முடிய ஒரே ஒரு பருவம்தான் பாக்கி. அது முடிந்தால் மாணவர் விசாவும் முடிந்தது. பொய்த் தகவல் கொடுத்தவன் என்று முத்திரை குத்திவிட்டால் சில வருடங்களுக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. அவள் அங்கே, நான் இங்கே. கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. முண்டியம்பாக்கம் தாண்டும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர், "உடம்புக்கு முடியலையா தம்பி? ஆஸ்பத்திரி ஸ்டாப்பு இதான்" என்று இறக்கிவிடப் பார்த்தார்.

மேகலா கடிதத்தைப் படித்தாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தொறந்து பார்த்தியா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"பரீட்சை..."

"எழுந்திரு. ஸ்டுடியோவுக்குப் போலாம்."

குமரவேல் அண்ணன் கடிதத்தின் சாரத்தைக் கேட்டார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப, வெளிநாட்டு ஆபீசருக்கே அது டூப்புன்னு தெரியலியா?"

"அண்ணே, எங்க வாழ்க்கையே போவுதுண்ணே!"

"இரு தம்பி. பாரிஸ்ல நிழல் விழுற பக்கம் சரியாக்கீதான்னு நாலு நாளு மண்டைய ஒடச்சிக்கினு இருந்தேன். வேலைன்னா இதான் வேலை."

ஒரிஜினல் படங்களைக் கேட்டதும்தான் அவர் மலர்ச்சி போனது. தர மாட்டேன் என்றார். "சமையக்கட்ட யாராவது விருந்தாளிக்குத் தொறந்து காட்டுவாங்களா? மானம் பூடும்" என்றார். மேகலா அவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஊசி போட்டுக்கொள்ள மறுக்கும் நோயாளிகளின் எதிரில் அவள் அப்படித்தான் உட்காருவாள். கால்மணி நேரத்தில் ஹார்டு டிஸ்க் வெளியே வந்தது.

பனிமலையின் ஒரிஜினலில், மண்டபத்துப் பின்கட்டில் தொங்கவிட்ட பச்சைத் துணிக்கு முன்னால் நாங்கள் நிற்கிறோம். ஓரத்தில் இரண்டு கேஸ் சிலிண்டர், ஒரு மூட்டை வெங்காயம். என் நிறமும் அங்கே என் சொந்த நிறமாகவே இருந்தது. (ஆல்பத்தில் நான் சுண்ணாம்பு அடித்த சுவர். "மாப்பிள்ளைன்னா கொஞ்சம் தூக்கிக் குடுக்கணும் தம்பி" என்றார் அண்ணன்.) முப்பத்தோராம் பக்கத்துக்கான படத்தை மட்டும் அன்று தேட முடியவில்லை. அது பழைய டிஸ்கில் இருக்கிறது, நேர்காணல் அன்று தானே கொண்டுவருவதாகச் சொன்னார்.

அந்தப் பத்து நாளும் நான் மேகலாவைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. நாற்பது கேள்வி, நாற்பது பதில் தயாரித்து, அரையாண்டுப் பரீட்சைக்குப் போல ஒப்பிக்க வைத்தேன். அப்பாவைப் பற்றிக் கேட்டால் மூன்றே வரி: 'என் தந்தை இறந்துவிட்டார். அவர் திருமணத்துக்கு வரவில்லை. அது ஒட்டப்பட்ட படம்.' முதல் இரண்டு நாள் அதைச் சொல்லிக்காட்டினாள். மூன்றாம் நாள், "அத மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காத, ப்ளீஸ்" என்றாள். ஒரு மனிதன் அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான், "ரெண்டாவது வரியில தடுமாறுற" என்றேன். இன்று நினைத்தாலும் என்னை நானே ஓங்கி ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

நேர்காணல் சாயங்காலம், அத்தை வீட்டுக் கூடத்தில். நான் கோட்டு போட்டிருந்தேன். (விழுப்புரத்து மே மாதம், கோட்டு! கீழே லுங்கி.) குமரவேல் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில், தன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அத்தை சமையலறை வாசலில் நின்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்ற தைரியத்தில் நான் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

திரையில் வந்தது கண்ணாடி போட்ட, நடுத்தர வயது அம்மாள். நாங்கள் விளக்கக் கடிதத்தோடு அனுப்பியிருந்த பச்சைத் துணிப் படங்களைப் பார்த்தார். சிலிண்டரைப் பார்த்தார். "அப்படியானால் நீங்கள் சுவிட்சர்லாந்துக்குப் போகவில்லை?" என்றார். "சத்தியமாக இல்லை, மேடம்" என்று நான் நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன். கோட்டுக்குள் வியர்வை ஓடியது. பிறகு அவர் முப்பத்தோராம் பக்கத்தைத் திரையில் காட்டினார்.

"இவர் யார்?" என்று மேகலாவிடம் கேட்டார்.

"என் அப்பா."

"திருமணத்துக்கு வந்திருந்தாரா?"

மேகலா வாயைத் திறந்தாள். இரண்டாவது வரி வரவில்லை. நான் மேசைக்கடியில் அவள் காலை இடித்தேன். அப்போதும் வரவில்லை. திரையில் தன் வீட்டுக்காரரின் முகம் தெரிந்ததும் அத்தை விறுவிறுவென்று வந்து எங்களுக்கு நடுவில் தலையை நீட்டினார்.

"அவருதாம்மா எங்க வூட்டுக்காரரு. வந்தாரே! அவரு வராம எம்பொண்ணுக்குத் தாலி ஏறுமா?"

"இந்தப் பெண்மணி யார், என்ன சொன்னார்?" என்று ஆபீசர் என்னைக் கேட்டார்.

அந்த நிமிடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. மாற்றிச் சொல்லலாம். ஆனால் உரையாடல் பதிவாகிறது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். "மேடம், இவர் என் மாமியார். அவர் வந்தார் என்று சொல்கிறார்" என்றேன். என் நிரந்தர உரிமை கண்ணெதிரே ஜன்னல் வழியாகப் பறந்து போவதைப் பார்த்தேன்.

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரிஜினல் படம் இருக்கிறதா?"

குமரவேல் அண்ணன் காத்திருந்தது இதற்குத்தான். எழுந்து வந்து லேப்டாப்பைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அத்தை அவரிடம் கொடுத்திருந்த பழைய போட்டோ அது. பக்கத்து வீட்டுப் புதுமனை புகுவிழாப் பந்தி. மாமனார் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மேலே ஒரு வாளி. வாளியை மறித்து, விரித்த உள்ளங்கை. அந்தக் கையோடுதான் அண்ணன் அவரை வெட்டி எடுத்து, எங்கள் பின்னால் நிறுத்தியிருந்தார்.

"அவர் கையால் என்ன சொல்கிறார்?" என்றார் ஆபீசர்.

அண்ணனுக்குக் கேள்வி எப்படியோ புரிந்துவிட்டது. "ரசம் வேணாங்கறாரு மேடம்!"

அதையும் நானேதான் மொழிபெயர்த்தேன்.

மேகலா அந்தப் படத்தை அன்றுதான் பார்க்கிறாள். வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது ஆல்பத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து தொட்டுக் கும்பிட்டவள் அவள். "ரசமா?" என்றாள். அத்தை, "ஆமாண்டி. மூணு வாட்டி ஊத்த வந்தான். மோருக்குப் போவணும்னு நின்னாரு" என்றார். மேகலாவுக்குச் சிரிப்பு பொங்கியது. சிரித்தாள், நிறுத்த முடியாமல் சிரித்தாள், அப்படியே அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே ஆங்கிலத்தில், "அவர் இறந்துவிட்டார் மேடம். கல்யாணத்துக்கு வரவில்லை. அவர் இல்லாமல் எனக்குக் கல்யாணம் நடந்த மாதிரி இருக்கக் கூடாது என்று அம்மா செய்யச் சொன்னார்" என்றாள். நான் எழுதிக் கொடுத்த பதில் இல்லை அது. நான் நாற்பது கேள்வித் தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு கேள்வி இல்லை என்றார். ஏழு வாரத்தில் எனக்கு உரிமை வந்தது.

இப்போது எங்கள் மகளுக்கு மூன்று வயது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் பந்தியில் யாரும் 'போதும்' என்று சொல்வதில்லை, "ஆசீர்வாதம்" என்றுதான் சொல்கிறோம். அவளும் அப்படியே கற்றுக்கொண்டுவிட்டாள். ரசச் சோற்றைக் கண்டால் பிஞ்சு உள்ளங்கையை விரித்து நீட்டி, "ஆசீர்வாதம்!" என்கிறாள். விழுப்புரத்திலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருக்கும் அத்தை ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொள்கிறார்.