வாத்து முட்டை ஓடும் சோதனைக்காரம்மாவும்

சோதனைக்காரம்மா நம்பிய ஆள் என்று ஒருவர்கூட எங்கள் குமாரபாளையத்தில் பிறக்கவில்லை. பாதிப் பேரைப் பிறக்க வைத்தவரே அவர்தான் என்பது வேறு விஷயம். ஜில்லா போர்டு நடத்திய ஆஸ்பத்திரியின் மருத்துவச்சி. சொந்தப் பெயர் என்னவோ இருந்தது, யாரும் கூப்பிட்டதில்லை. கோயிலில் கும்பிடும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பார்.

நான் இரண்டாம் தடவை முழுகாமல் இருந்தபோது அவரிடம் மாட்டிக்கொண்டேன். முதல் பிள்ளை பெருத்துப்போய்ப் பிரசவத்திலேயே தவறிவிட்டது. அதனால் என் மாமியாருக்கு ஒரே தீர்மானம்: வயிற்றைக் காயப்போட்டால் பிள்ளை சின்னதாக இருக்கும், சுலபமாக வெளியே வரும். சோதனைக்காரம்மாவோ கீரை, பால், முட்டை தின்னச் சொன்னார். "ஆகட்டுங்கம்மா" என்று மாமியார் தலையாட்டிய வேகத்திலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாளே சோற்று வேளைக்கு வந்து நின்றார்.

"முட்டை குடுத்தீங்களா?"

"குடுத்தனுங்க."

"ஓடு எங்கீங்க?"

குப்பைமேட்டைக் குச்சியால் கிளறினார். ஒன்றுமில்லை. அடுத்த முறை மாமியார் உஷாராகி, ஆற்றங்கரை வீட்டில் ஓடு வாங்கிவந்து குப்பையில் போட்டு வைத்தார். சோதனைக்காரம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்கூட்டுக் கோழி வாத்து முட்டைதான் போடுதுங்களா?"

அன்றிலிருந்து முட்டை அவர் கண்முன் வெந்து, அவர் கண்முன்னாலேயே என் வாய்க்குள் போயிற்று. முழுங்கினேனா என்று வாயைத் திறந்து காட்ட வேண்டும். தறியில் உட்காரக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். வந்ததும் தறிப் பலகையைத் தொட்டுச் சூடு பார்ப்பார். ஒரு நாள் சூடாக இருந்தது. பூனை படுத்திருந்தது என்றோம். பூனையைக் கூப்பிடச் சொன்னார்! எங்கள் வீட்டில் ஏது பூனை?

மாமியாருக்கும் அவர்மேல் சந்தேகம்தான். "பிள்ளையப் பெருக்க வெச்சு, ஆசுபத்திரிக்கு இழுத்துட்டுப் போயி வயித்தக் கிழிக்கப் பாக்கறா" என்று என் காதில் ஓதுவார். எனக்கும் உதறல். அதனால் எட்டாம் மாதத்தில் தலைவலி மண்டையைப் பிளந்தபோது யாரிடமும் மூச்சு விடவில்லை.

வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள் கை நிறைய இருந்தன. பிரசவம்வரை கழற்றக் கூடாது. உடம்பும் பூசினாற்போல் ஆகியிருந்தது. பார்த்தவர்களெல்லாம் நன்றாகத் தேறிவிட்டேன் என்றார்கள். சோதனைக்காரம்மா எதிரில் உட்கார்ந்து, சோறு அள்ளும் என் கையையே முறைத்தார்.

"வளையல் ஏன் சத்தமே போட மாட்டீங்குது?"

ஆட்டிப் பார்த்தேன். எல்லாம் சதையில் பதிந்து கிடந்தன. என் காலை இழுத்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது, விழுந்தபடியே நின்றது.

"இது சதையில்லீங்க, நீரு. தலை வலிக்குதா சாமி?"

"இல்லீங்க."

"பொய்யி!" மாமியார் பக்கம் திரும்பினார். "வண்டியப் பூட்டச் சொல்லுங்க. பெரிய ஆசுபத்திரிக்குப் போகோணும். வலிப்பு வந்துட்டா தாயும் இல்ல, பிள்ளையும் இல்ல."

மாமியார் வாசலை மறித்து நின்றார். "என்ற மருமகளத் திருப்பிக் கொண்டாந்து உடுவீங்களா?"

"நானுங் கூடவே வாரனுங்க. ஆசுபத்திரிக்காரங்கள நான் மட்டும் நம்பறனா?"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மாமியார் வழிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சோதனைக்காரம்மா மருந்துப் புட்டியை மோந்து பார்த்தார். நர்சை என்னைத் தொடுமுன் இரண்டு தடவை கை கழுவ வைத்தார். டாக்டரே அவரைக் கண்டால் வேறு பக்கமாகப் போவாராம். எனக்குப் பாதி நினைவுதான். மகள் பிறந்தாள், சின்னதாக, உயிரோடு.

நான் கண் விழித்தபோது சோதனைக்காரம்மா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். ஒரு விரல் பிள்ளையின் மூக்கருகில், இன்னொரு விரல் என் மூக்கருகில்.

"ரெண்டும் நல்லா இருக்குதுங்கம்மா, போய்ப் படுங்க" என்றாள் நர்ஸ்.

"உன்ற சோலியப் பாரு" என்றார் அவர், விரலை எடுக்காமல்.

என்மேல் அவ்வளவு அக்கறையாகச் சந்தேகப்பட, அதற்கப்புறம் எனக்கு ஒருவரும் வாய்க்கவில்லை.