தந்திக்காரர் வீட்டு வேப்பிலை

எங்கள் தந்திக்காரரைக் கண்டு பயப்படாத உயிர் மாத்தளை மாவட்டத்திலேயே கிடையாது. ஒருமுறை லக்கலப் பக்கம் காட்டு யானை அவரை வழிமறித்ததாம். அவர் சைக்கிளை விட்டு இறங்கி, தோள்பையைத் திறந்து, "தந்தி" என்றாராம். தன் வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று யானை காட்டுக்குள் திரும்பி ஓடிவிட்டதாம். உக்குவளைத் தபால் கந்தோர்க்காரர் லக்கலவுக்கு ஏன் போனார் என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை.

ரயில் பாதைக்கும் கண்டி வீதிக்கும் நடுவில் நெளிந்து கிடக்கும் தெரு எங்களுடையது. தெருமுனையில் அவருடைய சைக்கிள் மணி கேட்டதுமே பெண்கள் அழத் தொடங்குவார்கள். யார் வீட்டுக்கு என்று தெரிந்த பிறகு, மற்றவர்கள் அழுகையை நிறுத்திக்கொண்டு அந்த வீட்டுக்கு அழப் போவார்கள். ஒருமுறை எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்ததென்று தந்தி வந்தது. சேதியை வாசித்துச் சொல்வதற்குள் அவனுடைய அத்தை மயங்கி விழுந்து, முறத்தில் இருந்த அரிசியெல்லாம் வாசலில் சிதறிவிட்டது. தெளிந்து எழுந்தவள், "நல்ல சேதின்னா அதுக்கு எதுக்கு இந்த மனுசன அனுப்புறாங்க" என்று கோபித்துக்கொண்டாள்.

வாசித்துச் சொன்னது நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா கடைகளில் மூட்டை தூக்குகிறவர். அம்மா கைநாட்டு. நான் எஸ்.எஸ்.சி. பாஸ், அதிலும் இங்கிலீஷில் நல்ல மார்க். இதைச் சொல்லிக்கொள்ள நான் வெட்கப்படுவதில்லை. தந்தியெல்லாம் இங்கிலீஷில் வருகிற தெருவில், அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் பெருமைப்படாமல் வேறு யார் பெருமைப்படுவது? ஆனால் அதில் ஒரு சங்கடமும் இருந்தது. அவர் கொண்டு வருவார், நான் வாசிப்பேன். நாளடைவில் தெரு எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பயந்தது. நான் சும்மா தண்ணீர் எடுக்கப் போனாலும் சில பெண்கள் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

அவருக்குப் பேர் இருந்திருக்கும். எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஆறடி உயரம், ஒட்டிய கன்னம், மழையோ வெயிலோ கழுத்து வரை பொத்தான் போட்ட காக்கிச் சட்டை. தந்தியில் வார்த்தை கூடினால் காசு கூடும் அல்லவா? அந்தக் கணக்கை அவர் தன் வாய்க்கும் வைத்துக்கொண்டார். காசிம் நானா கடையில் போய் நின்று, "சீனி. அரை. பொதி" என்பார். முடி வெட்டுகிறவரிடம், "குறை. காது. கவனம்" என்பார். தலைவலி என்று ஒருமுறை டிஸ்பென்சரிக்குப் போய், "தலை" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றதில், அப்போதிகரி ஐயா பேன் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். அதையும் அவர் மறுபேச்சில்லாமல் தேய்த்துக்கொண்டார்.

அந்த மழைக்காலத்தில் தெருவின் நாய்களுக்கு ஏதோ வந்தது. முதலில் கண்ணில் பூளை, மூக்கில் சளி. பிறகு தலை தானாக ஆடத் தொடங்கியது. வாயில் ஒன்றுமே இல்லாமல் எதையோ மென்றுகொண்டே இருந்தன. மழையில் நனைந்தபடி, சுவரைப் பார்த்து நின்று, காற்றை மெல்லுகிற நாயைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் இருப்பதே நல்லது. ஒவ்வொன்றாகச் செத்தன. கடைசியில் தெருவில் குரைப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. மலையிலிருந்து மூட்டம் இறங்கி வந்து எங்கள் வாசல்களில் படுத்துக்கொண்டது. அந்த அமைதியில்தான் தந்திக்காரர் வீட்டிலிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

அவர் தனிக்கட்டை. அவர் வீட்டுக்குப் பெண்கள் வந்து போனதை யாரும் பார்த்ததில்லை. ஆனால் சத்தம் கேட்டது. மெல்லிய, ஈனமான சத்தம், ஒன்றல்ல, நாலைந்து. வீட்டுப் பின்னால் கொடியில் சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள் காய்ந்தன. பிள்ளை பெற்ற வீட்டுக் கொடியில்தான் அப்படிக் காயும். அடுப்பு ஓயாமல் புகைந்தது.

இதைவிட மோசமான ஒன்று அடுத்த தந்தியோடு வந்தது. மேல்வீட்டுப் பெரியவருக்குச் சேதி கொண்டு வந்தவர், நான் வாசிக்கும்வரை வழக்கம்போலத் தலைகுனிந்து நின்றார். நாவலப்பிட்டியில் தமக்கை இறந்துவிட்டாள் என்று நான் சொல்லி முடித்த நொடியில், தந்திக்காரருடைய நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு குழந்தை அழுதது. வாய் மூடியிருந்தது. பொத்தான்களுக்குப் பின்னாலிருந்து அழுதது. அவர் ஒரு கையால் சட்டையைப் பொத்திக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார். பெரியவர் தமக்கையை மறந்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ராசாத்தி அக்கா அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "எத்தன வீட்டுச் சாவ சுமந்திருக்கான். அதுகள்ல சின்னஞ்சிறுசும் இருக்குந்தானே. போக எடமில்லாம அவன் நெஞ்சிலயே தங்கிருச்சுங்க." அக்காவின் புருசன் திருகோணமலைக்கு லொறியில் போன இடத்தில் இறந்தவர். அந்தத் தந்தியைக் கொண்டு வந்தவரும் இவர்தான். அன்று முதல் அவர் போகும்போதெல்லாம் அக்கா வாசலில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள்.

அதற்கும் பிறகுதான் அந்த வேப்பிலை. ஒரு காலையில் அவர் வீட்டு நிலைவாசலில் கொத்தாக வேப்பிலை தொங்கியது. எங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் மாரியம்மன் இறங்கியிருக்கிறாள், அம்மை போட்டிருக்கிறது, வெளியாள் படி ஏறக்கூடாது. தெரு கூடிப் பேசியது. அம்மை கண்ட வீட்டுக்காரன் தந்தி கொடுக்க வீடு வீடாக வருகிறானே என்று ஆளாளுக்குப் பதறினார்கள். சுகாதாரப் பரிசோதகரை, எங்கள் பேச்சில் பி.எச்.ஐ. மாத்தயாவை, வரச்சொல்லி வீடு முழுக்க மருந்து அடித்துவிட வேண்டியது என்று முடிவாகி ஆளும் போய்விட்டது. ஆனால் உள்ளே யார் கிடக்கிறார்கள் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது?

"படிச்ச புள்ள போய்ப் பார்த்துட்டு வரட்டுமே. படிச்சவங்களுக்குப் பேய் கெடையாதுதானே" என்றார் காசிம் நானா.

பேய் கிடையாது என்று அந்தத் தெருவில் அடிக்கடி சொல்லித் திரிந்தவள் நான். மறுக்க வழியில்லை. பட்டப்பகலில்தான் போனேன். ஆனாலும் மூட்டத்தில் எதிர்வீடு தெரியவில்லை. வேப்பிலைக்குக் கீழே நின்று கூப்பிட்டேன். கதவு திறந்தது. வெந்நீர் ஆவி முகத்தில் அடித்தது. ஆவிக்குப் பின்னால், பொத்தான் போட்ட காக்கி.

"கால்" என்றார். ஒரு பேசினையும் சவர்க்காரத்தையும் தள்ளினார். "கை. ரெண்டும்."

கழுவினேன். உள்ளே ஒரு தேயிலைப் பெட்டி. அதன் விளிம்புத் தகரத்தை மடக்கி அடித்திருந்தார். அடியில் பேப்பர், அதன்மேல் மடித்த வெள்ளைத் துணி, அதன்மேல் கண் திறக்காத நான்கு நாய்க்குட்டிகள், ஒன்றின்மேல் ஒன்று, புழுக்கூட்டம் மாதிரி நெளிந்துகொண்டு. ஐந்தாவதைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். எலியை விடக் கொஞ்சம் பெரியது.

பேய் இல்லை என்று உறுதியானதும் நான் பெட்டியருகே உட்கார்ந்துவிட்டேன்.

துண்டு துண்டாக அவர் சொன்னதை நான் சேர்த்துக்கொண்டேன். முதலில் சாக்கு விரித்திருக்கிறார். சாக்கின் நூல் ஒரு குட்டியின் காலைச் சுற்றி இறுக்கி, கால் நீலமாகிவிட்டது. பிறகு வைக்கோல். அது ஈரத்தை வாங்கிக்கொண்டு பூச்சியை வளர்த்தது. கடைசியில் தன்னுடைய ஒரே வேட்டியைக் கிழித்துவிட்டார். நனைய நனைய மாற்றி, கொதிக்க வைத்து, கொடியில் காயாததை அடுப்பின்மேல் உலர்த்தினார். பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் காலுறை போட்ட வெந்நீர்ப் போத்தல். சூடு அதிகமானால் அதுகள் அடுத்த பக்கம் நகர்ந்துகொள்ளலாம். ஆட்டுப்பால், மை ஊற்றும் ரப்பர் குழாயால். குடித்ததும் ஈரப் பஞ்சால் வயிற்றுக்குக் கீழே தடவிவிட்டால்தான் சிறுநீர் போகும், தாய் நக்கிவிடுகிற மாதிரி. சட்டைக்குள் இருந்தது மற்றவற்றோடு கிடந்தால் குளிர்ந்துபோகிறது, அதனால்தான் அதைத் தந்தியோடு தந்தியாகச் சுமந்தார்.

எல்லாம் சரி, மூக்கைத் துளைக்கிற நெடி ஒன்று இருந்தது. பெட்டியைப் பினாயிலால் கழுவியிருந்தார், தண்ணீர் கூடக் கலக்காமல். குட்டிகளின் வயிறு சிவந்திருந்தது. எனக்குச் சுகாதாரப் பாடத்தில் நல்ல மார்க். "இது மனுசத் தோலையே எரிக்கும், அண்ணே. சவர்க்காரமும் கொதிதண்ணியும் போதும்" என்றேன். அவர் பினாயில் போத்தலைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்துவிட்டு வந்து என்னைப் பார்த்தார். அது தந்திக்காரரின் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

"வேப்பிலை எதுக்கு?"

"தெரு நோய். கால்ல வரும். ஆள் வரக்கூடாது."

நோய் விழுந்த நாய்கள் படுத்த மண்ணை மிதித்துக்கொண்டு யாரும் உள்ளே வந்துவிடாமலிருக்க, மாரியம்மனைக் காவல் வைத்திருக்கிறார். ஆத்தா பேரில் பொய்யா என்று கேட்டேன்.

"ஆத்தாகிட்ட சொல்லிட்டேன்."

"தந்தி அடிச்சீங்களா?"

"இல்ல. நேர்ல. மாத்தளைக் கோயில்ல."

பி.எச்.ஐ. மாத்தயாவை மருந்து அடிக்க வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் சொன்னபோதுதான் அவர் முகம் வெளுத்தது. கண் திறக்காத குட்டிகள் கிடக்கும் அறையில் மருந்துப் பம்பு அடித்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேரும் யோசித்தோம். யோசிக்க அதிக நேரம் கிடைக்கவில்லை. வெளியே பம்பு வந்து இறங்கிய சத்தம் கேட்டது.

வாசலில் தெருவே நின்றது, அம்மைக்குப் பயந்து கொஞ்சம் தள்ளி. முன்னால் பி.எச்.ஐ. மாத்தயா, தொப்பியும் தடியுமாக. பின்னால் பம்போடு இரண்டு ஆட்கள். தந்திக்காரர் வேப்பிலைக்குக் கீழே குறுக்காக நின்றுகொண்டார்.

"யாருக்கு அம்மை வருத்தம்?" என்று கேட்டார் மாத்தயா, தன் சிங்களத் தமிழில்.

பதில் தந்திக்காரரின் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. கூட்டம் பின்வாங்கியதில் யாரோ சாக்கடையில் விழுந்தார்கள். பம்புக்காரர்களில் ஒருவன் பம்பைக் கீழே வைத்துவிட்டுப் புத்த பகவானைக் கும்பிட்டான். மாத்தயா தடியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தந்திக்காரர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். பிறகு பேசினார். அத்தனை வார்த்தைகள் அவரிடம் இருந்ததை அன்றுதான் அறிந்தோம்.

"நாய்க்குட்டிங்க மாத்தயா. நான் எந்த வீட்டுக்குப் போனாலும் அழுகைதான். என்னோட மணிச் சத்தத்துக்கு ஓடி வந்தது இதுகளோட ஆத்தா ஒண்ணுதான். அதுக்கு எழுத்தும் தெரியாது, சாவுச் சேதியும் தெரியாது, வாலை ஆட்டிக்கிட்டு வரும். அன்னிக்கும் அப்படித்தான் வீதியக் கடந்து எங்கிட்ட வந்துச்சு, லொறி அடிச்சிருச்சு. நான் மணிய அடிக்காம இருந்திருக்கலாம். மருந்து அடிச்சீங்கன்னா இதுகளும் செத்துரும். அந்தச் சேதியக் கொண்டு போய்க் குடுக்கக்கூட எனக்கு ஒரு வீடு இல்ல."

பொத்தானைக் கழற்றினார். ஈர மூக்கொன்று வெளியே வந்து காற்றை மோந்தது.

மாத்தயா உள்ளே போக முயன்றார். "கால்" என்றார் தந்திக்காரர். அரசாங்க உத்தியோகத்தர் சப்பாத்தைக் கழற்றிக் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனதை எங்கள் தெரு பார்த்தது. திரும்பி வந்தவர், குட்டிகள் வளர்ந்ததும் வெறி பிடிக்காமலிருக்க விசர்நாய் ஊசி போட்டாக வேண்டும் என்றார். பம்பைத் தூக்கச் சொன்னார். ஊசி போடும்வரை இந்த வீட்டுக்குள் தேவையில்லாமல் யாரும் போகக்கூடாது, வேப்பிலை அப்படியே தொங்கட்டும் என்று கூட்டத்தைப் பார்த்து உத்தரவும் போட்டார்.

அம்மன் இலையை நாய்க்குக் கட்டிவிட்டானே என்று சிலர் முணுமுணுத்தபடி கலைந்தார்கள். ராசாத்தி அக்கா முணுமுணுக்கவில்லை. நேரே வீட்டுக்குப் போனாள். அவள் பெரிய சண்டைக்குத் தயாராகிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் மழை விட்டிருந்தது. அக்கா வேலி ஓரமாக வந்து நின்றாள். கையில் ஆண்கள் உடுத்தும் ஒரு சாரம், நீலக் கட்டம் போட்டது. இறந்தவர் துணியை எங்கள் பக்கத்தில் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், துணி வெளுக்கும் கட்டாடியாருக்குக் கொடுத்துவிடுவார்கள். அக்கா ஒன்றை மட்டும் எப்படியோ வைத்திருந்திருக்கிறாள்.

"அவிச்சு அலசிட்டேன்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "நூலு பிரியாது. நல்லா மெத்துன்னு இருக்கும்."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சாரத்தைத் தடவிப் பார்த்தார். யாருடையது என்று அவர் கேட்கவில்லை. எந்த வீட்டுக்கு எந்த நாளில் என்ன கொண்டு போனார் என்பது அவருக்குத் தெரியும்.

"அந்தச் சட்டைக்குள்ள இருக்கிறதையும் குடுங்க" என்றாள் அக்கா. "அத வச்சிக்கிட்டு எப்படிச் சைக்கிள் மிதிப்பீங்க. பாலு குடுக்க எனக்குத் தெரியாதா? மூணு புள்ள வளர்த்தவ."

காலையும் கையையும் தானே கழுவிக் காட்டினாள். அவர் குட்டியை எடுத்து நீட்டினார். அதை மடிச்சேலையில் சுருட்டி இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். அது இரண்டு முறை முனகிவிட்டு அடங்கியது. குட்டிகள் ஐந்தும் பிழைத்தன, இன்றைக்கும் எங்கள் தெருவில் அதுகளின் தொல்லை தாங்க முடியவில்லை. ஆனால் அந்தக் காலையில் அது எங்களுக்குத் தெரியாது. வெறும் சட்டையோடு அவர் சைக்கிளில் ஏறினார். தெருமுனை திரும்பும்வரை அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நானும்தான்.