எடைமேடையில் காய்ந்த கார்

சொந்த சைக்கிளுக்கு மட்கார்டு இல்லாமல், உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் காருக்கு துபாயிலிருந்து மட்கார்டு வரவழைத்த மனிதர் பூமியில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் மரக்காணம் உப்பளத்தில் என்னிடம் எடைமேடை கிளார்க்காக இருந்தார். நான் மேனேஜர். அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் பம்பர்.

கார் சாதாரணமானது. பெட்டியில் துண்டு துண்டாக வரும், நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும். ஆனால் பெட்டிக்காரன் கொடுத்த உடம்பு பம்பருக்குப் பிடிக்காது. வேறு யாரோ ரெசின் என்ற செயற்கைப் பிசினில் வார்த்து விற்கும் அகல மட்கார்டு, புது பம்பர், மேடு வைத்த போனட் எல்லாவற்றையும் துபாயில் வேலை பார்க்கும் கோட்டக்குப்பத்து நண்பர் ஒருவர் அனுப்புவார். இவர் பழைய மட்கார்டை அறுத்து எறிந்துவிட்டு அதைப் பொருத்துவார்.

"இருக்கிற மட்கார்டுக்கு என்னப்பா குறை?" என்று கேட்டேன்.

"சக்கரத்த அகலமா போட்டுட்டேன் சார். மட்கார்டு வெளிய வர வேணாமா?"

"சக்கரத்தை ஏன் அகலமாகப் போட்டாய்?"

"மட்கார்டு வருதுன்னு சொன்னாங்க சார்."

நான் படித்த எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் இந்தக் கணக்கு வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் வேலையைக் கவனிக்காமல் அவர் மேஜையையே பார்க்க ஆரம்பித்தேன்.

தலையில் ஒரு முடிகூட இல்லாத அவர் தினமும் ஷாம்பு பாக்கெட் வாங்குவார். அச்சிலிருந்து எடுத்த ரெசினில் எண்ணெய்ப் பசை இருக்குமாம். கழுவாவிட்டால் பெயிண்ட் பிடிக்காதாம். பிளாஸ்டிக்கை ஒட்டும் பசை ரெசினை ஒட்டாது என்று சூப்பர் க்ளூ போடுவார். ஒருநாள் அது மட்கார்டோடு அவர் கட்டைவிரலையும் சேர்த்து ஒட்டிவிட்டது. அன்று முழுக்க மட்கார்டு தொங்கும் கையாலேயே சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

லாரி டிரைவர்கள் விடுவார்களா?

"ஏம்பா பம்பரு, வண்டிக்கு எஃப்.சி. காட்டிட்டியா?"

"மொதல்ல உன் வண்டிக்குக் காட்டு. ஹெட்லைட்ட கயித்துல கட்டிக்கினு வந்துட்டான் பேச!"

சொன்னதோடு நிற்காமல் காரைக் கொண்டுபோய் லாரி நிற்கும் எடைமேடையில் வைத்தார். முள் அசையவில்லை. "பாத்தியா? ஓவர்லோடு இல்ல. கெளம்பு."

2005 கோடையில் பாண்டிச்சேரியில் மாடல் கார் கண்காட்சி ஒன்று வந்தது. பம்பருக்கும் மேஜையில் ஒரு சாண் இடம் கொடுத்தார்கள். தான் செய்த ஒன்றை நாலு பேர் நின்று பார்ப்பது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்காட்சிக்கு முந்தின நாள் பிரைமர் அடித்தார். சக்கரம் மாட்டாத காரை மேஜையில் வைத்துவிட்டு, "சார், கொஞ்சம் பாத்துக்கங்க. பெயிண்ட் வாங்கினு வந்துர்றேன்" என்று போனார்.

பார்த்துக்கொண்டேன். தொட்டேன், ஈரமாக இருந்தது. எங்கள் தொழிலில் ஈரமான எதற்கும் ஒரே வைத்தியம் வெயில். காரைத் தூக்கிப்போய் எடைமேடையின் இரும்புத் தகட்டில் வைத்தேன். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. அவர் வாங்கி ஒட்டிய நாலு மட்கார்டும் வதங்கிய வெற்றிலை மாதிரி தொங்கின.

எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் பேப்பர் படித்தேன்.

அவர் வந்தார். "இன்னா சார், இப்படித் தொங்குது?"

"மட்டமான சரக்கு. பார்சலிலேயே வளைந்திருக்கும். ரெசின் போகப் போக இளகும்ப்பா." என் படிப்பை நான் இவ்வளவு சரளமாகப் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை.

காரைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு ஊது ஊதினார். "படிச்சவங்க சொன்னா சரிதான் சார்."

பிறகு டிபன் பாக்ஸ் மூடியில் வெந்நீர் ஊற்றி, காரை ஒரு பக்கமாக முக்கி, விரலால் மட்கார்டை நிமிர்த்தி, உடனே பச்சைத் தண்ணீரில் வைத்தார். ரெசின் சொன்ன பேச்சைக் கேட்டது. முன்பக்க இடது மட்கார்டு மட்டும் கடைசிவரை கொஞ்சம் இறங்கியே நின்றது.

கண்காட்சியில், இரவோடிரவாகச் சிவப்பு அடித்த அந்தக் காரைச் சுற்றிக் கூட்டம். ஒருவர் குனிந்து பார்த்து, "இந்த ஒண்ணு மட்டும் ஏன் எறங்கியிருக்குது?" என்றார்.

"அது எங்க ஊரு வெயில் சார். எங்க மேனேஜர் ஆசையா காய வச்சாரு" என்று பக்கத்தில் நின்ற என்னைக் காட்டினார் பம்பர். அந்த ஆள் எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"அடியில உப்பு ஒட்டினு இருந்துச்சு. பார்சல் துபாய்ல இருந்துதான சார் வந்துச்சு, நம்ம அளத்துல இருந்தா வந்துச்சு?"

"அப்போதே கேட்டிருக்கலாமே!"

"கேட்டா இன்னொரு கெமிஸ்ட்ரி சொல்லுவீங்க."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்ததால் மன்னிப்பு கேட்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தையாவது எதிர்பார்த்திருப்பார் என்று தோன்றவே எனக்கு நெடுநாள் ஆயிற்று.

அடுத்த வருடம் பம்பர் வேலையை விட்டுத் திண்டிவனத்திலுள்ள மகள் வீட்டுக்குப் போகும்போது, காரை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இப்போது அவர் இல்லை. கார் என் அலமாரியில் இருக்கிறது. அடிப்பக்கம் முழுவதையும் வழவழவென்று தேய்த்தவர், உப்பு ஒட்டிய ஓர் ஓரத்தை மட்டும் தேய்க்காமல், பெயிண்டும் அடிக்காமல் விட்டிருக்கிறார்.

மழைக்காலத்தில் உப்பு ஈரம் இழுத்து அந்த இடம் மட்டும் வியர்க்கும். மெல்லத் துணியால் ஒற்றி எடுத்து, மறுபடி நிழலிலேயே வைக்கிறேன்.